பந்துக்கு ராஜ உபசாரம்

எங்கள் காலத்தில் தோல் பந்து என்பது தெருப் பையன்கள் சந்தா போட்டு வாங்கிய பொதுச் சொத்து. மேட்ச் முடிந்ததும் அதைத் துடைத்து, துணியில் சுற்றி, கேப்டன் வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துவோம். தூறல் விழுந்தால் முதலில் சட்டைக்குள் போவது பந்துதான். நனைகிற பையனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

மெருகேற்றுவதில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மறுபக்கம் சொரசொரவென்றே கிடக்க வேண்டும். தையலைச் சற்றே சாய்த்துப் போட்டால், பந்து சொரசொரப்பான பக்கமாக வளையும். எச்சில், வேர்வை, ஆரஞ்சு மிட்டாய்ச் சாறு, நெற்றியில் வழியும் தேங்காய் எண்ணெய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இதில் பாதி விதிப்படி குற்றம். 2005 ஆஷஸ் தொடரில் மின்ட் மிட்டாய் எச்சிலால் பந்தைப் பளபளக்க வைத்ததாக மார்கஸ் டிரெஸ்கோதிக் தன் சுயசரிதையில் எழுதினார். மிட்டாய் விஞ்ஞானத்தில் இங்கிலாந்து எங்களுக்குப் பின்னால்தான்.

பந்துக்கு இத்தனை சீராட்டு. அதைப் போடுகிறவனுக்கு? பயிற்சி என்று கிடைத்தது இரண்டே வசனம்: "வேகமாப் போடுடா", "வைடு போடாதடா". வைடு தொடர்ந்தால் 'பேபி ஓவர்' என்று ஓவரைப் பாதியிலேயே முடித்துவிடுவார்கள். முழங்கை லேசாக மடங்கி நிமிர்ந்தாலே, எறிகிறான் என்று எதிரணி மொத்தமும் "மாங்கா!" என்று கத்தும். சர்வதேச கிரிக்கெட்டில் 15 டிகிரி வரை பரவாயில்லை என்கிற சலுகை எங்கள் தெருவில் செல்லாது. தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு, கை கழன்று விழுகிற வரை போடுவோம். சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் 1987 முதலே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி பையன்களின் ஓட்டத்தையும் தோளையும் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அவர் போஸ்டராக மட்டும் வந்தார்.

இப்போது அக்கா மகன் அகாடமிக்குப் போகிறான். கோச் அவன் போடுவதை செல்போனில் ஸ்லோ மோஷனில் ஓட்டிக் காட்டுகிறார். "இடுப்பு ஒரு பக்கம் பார்க்குது, தோள் ஒரு பக்கம் பார்க்குது. இப்படியே போட்டா முதுகெலும்புல விரிசல் விழும்." தலை சாயக் கூடாது, மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், போட்டு முடித்ததும் சட்டென்று நிற்காமல் ஓடி அடங்க வேண்டும். வாரத்துக்கு இத்தனை பந்துதான் என்று கணக்கு வேறு. ராத்திரி உட்கார்ந்து ஷூவின் ஸ்பைக்கில் அப்பிய மண்ணைச் சுரண்டி, ஒவ்வொன்றாகத் திருகி இறுக்குகிறான். பந்துகளோ வாளி நிறைய அநாதையாகக் கிடக்கின்றன.

பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து நாக்கருகே கொண்டுபோனேன்.

"மாமா, எச்சில் வைக்காதீங்க! 2022லயே நிரந்தரமாத் தடை பண்ணிட்டாங்க."

"ஐபிஎல்ல 2025ல திரும்ப விட்டுட்டாங்களேடா."

"உங்களை ஐபிஎல்ல எடுக்கட்டும், அப்புறம் வைங்க."

விடுவேனா? தெரு கிரிக்கெட்டின் மானத்தைக் காக்க சின்னப்பம்பட்டி நடராஜனை இழுத்தேன். டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடவில்லையா? "ஆடினார். அதே வருஷம் முழங்கால்ல ஆபரேஷனும் பண்ணிக்கிட்டார்" என்றான்.

அன்று பந்து விலை அதிகம், பையன் மலிவு. இன்று பந்து மலிவு; பையன் மேல் ஃபீஸ், ஷூ, பிசியோ என்று ஏகப்பட்ட முதலீடு. எது விலை உயர்ந்ததோ அதற்குத்தானே பராமரிப்பு? பலனும் தெரிகிறது. அவனுடைய அவுட்ஸ்விங்கர் பேட்ஸ்மேனை நெருங்கி, கடைசி நேரத்தில் விலகுகிறது. எங்களுடையது கையை விட்டதுமே விலகி, நேராக சாக்கடைக்குப் போகும்.

என் வலது கை இப்போது காதுக்கு மேல் எழும்புவதில்லை. அவன் தன் ரப்பர் பட்டையைக் கொடுத்து, ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கச் சொல்லியிருக்கிறான். பதிலுக்கு வாளிப் பந்துகளைத் துடைக்கும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். சம்பளம் கிடையாது. எச்சிலும் கிடையாது.