பஞ்சு சார்

எங்கள் குடியிருப்பில் அவரைப் பஞ்சு சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பஞ்சாபகேசன், பஞ்சநாதன் என்று ஏதோ பெரிய பெயரின் சுருக்கமாக்கும் என்று புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது மீன்தொட்டி வைத்த பெயர். தண்ணீரை இழுக்கும் ஃபில்டர் குழாயின் வாயில் அவர் மாட்டிவைத்திருக்கும் கறுப்புப் பஞ்சால் வந்தது.

இவரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் மீன் வளர்க்கிறார் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். அவர் வளர்ப்பது ஃபில்டரை. அதற்கு வேலை வேண்டுமே என்று சம்பளமில்லாமல் வைத்துக்கொண்ட சிப்பந்திகள்தான் மீன்கள்.

அவர் வீட்டுக்குப் போனால் மீனைக் காட்டமாட்டார். நீங்களாக, "அந்த ஆரஞ்சு வால் அழகா இருக்கே சார்" என்றால், "அது கிடக்கட்டும், இங்க பாருங்க" என்று உங்கள் தோளைப் பிடித்துத் தொட்டியின் பின்மூலைக்குத் திருப்புவார். டார்ச் அடிப்பார். பாசி படிந்த ஒரு கறுப்பு உருளை தெரியும். "30 பிபிஐ" என்பார், கருவறை முன்னால் நிற்பவர் போலக் குரலைத் தாழ்த்தி. ஓர் அங்குல நீளத்துக்கு 30 துளை என்று கணக்கு. 10 என்றால் மீன்குட்டி உள்ளே போய்விடுமாம். 45 என்றால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளுமாம். பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்பார் அவர் மனைவி.

ஆரம்பத்தில் அவரும் நம்மைப்போலத்தான் இருந்தார். பேத்தி கேட்டாள் என்று ஒரு இரண்டடித் தொட்டியும் ஏழெட்டு கப்பி மீனும் வாங்கினார். விளிம்பில் தொங்கவிடுகிற ஃபில்டர் ஒன்றையும் கடைக்காரர் தலையில் கட்டினார். கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும், ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஈடு. ஒரு ராத்திரி இருபதுக்கு மேல் குட்டிகள் நீந்தின, கண்ணும் வாலும் மட்டுமாக. விடிந்ததும் பேத்தியைத் தூக்கத்திலிருந்து தூக்கிவந்து காட்டினால், தொட்டியில் மூன்றுதான் மிச்சம்.

தாயே தின்றிருக்கும் என்றார்கள். தின்னக்கூடியதுதான். ஆனால் சார் ஃபில்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். மோட்டார் இழுத்துப்போட்ட பதினோரு குட்டிகள் அந்தப் பெட்டிக்குள் உயிரோடு வட்டமடித்துக்கொண்டிருந்தன. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளித் தொட்டியில் விட்டார். அந்த டீ வடிகட்டி சமையலறைக்குத் திரும்பவே இல்லை. சாரும் ஒருவகையில் திரும்பவில்லை.

குழாயின் வாயை எதைக்கொண்டு மூடுவது? முதலில் பழைய நைலான் சாக்ஸ், அதன்மேல் ரப்பர் பேண்ட். அரை நாளில் தண்ணீர் நின்றுபோனது. அடுத்து, பாத்திரம் தேய்க்கிற பஞ்சுக்குக் கத்தரிக்கோலோடு கிளம்பினார். 'கிருமிகளை அழிக்கும்' என்று அதன் உறையில் இருந்ததைப் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள், மீன்கள் பிழைத்தன. கடைசியில் எல்லாரும் போகிற இடத்துக்கே போனார்.

சென்னையில் மீன் கிறுக்குப் பிடித்தவர்களுக்குக் கொளத்தூர்தான் திருப்பதி. வரிசையாக வண்ணமீன் கடைகள், காற்றடைத்த பாலிதீன் பைகளில் மீன்கள், ஒரு மீனை வாங்கப்போய் ஒரு பை சாமானோடு திரும்புகிற குடும்பங்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே சார் வெர்னியர் அளவுகோலோடு நின்றார். ஐசிஎஃப்பில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். குழாயின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தார். கடைப் பையன் தாளைப் பார்க்கவே இல்லை. "அமுக்கி மாட்டுங்க அங்கிள், போயிரும்" என்றான். ரயில் பெட்டி செய்த கையைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டானே என்று மூன்று நாள் புலம்பினார். அமுக்கித்தான் மாட்டினார். போயிற்று.

கேலி ஒருபுறம் இருக்க, அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டருக்குள் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். வேறொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும், அதை மீன் ஓரளவு தாங்கும். இந்தக் குடித்தனம் நிலைகொள்ளவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஃபில்டரில் அழுக்கு சேர்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பளபளவென்று கழுவுகிறோம், குடித்தனத்தையும் சேர்த்து. வாயில் பஞ்சு இருந்தால் அழுக்கு அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருதரம் அதைமட்டும் கழற்றி, தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து அதில் பிழிந்து மாட்டினால் போதும். உள்ளே இருப்பவர்களை மாதக்கணக்கில் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அவர் இதை முதல்முறை விளக்கியபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எங்கம்மா குழாய் வாயில வேட்டித் துணி கட்டுனாங்களே, அதுதானே இது?"

"அது வெறும் மெக்கானிக்கல்மா. இதுல பயாலஜிக்கலும் கொஞ்சம் இருக்கு."

"நம்ம வீட்டுக் குழாய்த் துணியிலயும் பயாலஜிக்கல் வந்தாச்சு. மாத்துங்கன்னு ரெண்டு மாசமா சொல்றேன்."

சார் எனக்கு மட்டும் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

அதுதான் இந்த ரகத்தாரின் விசேஷம். ஏசியின் வலையில் போர்வை கனத்துக்குத் தூசி இருக்கும். குடிதண்ணீர் மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற வேண்டிய தேதி போன தீபாவளியோடு போயிருக்கும். ஆள் போன் செய்தால் சார் எடுக்கமாட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பஞ்சு பிழிவது மட்டும் தவறாது. பிழிந்த தண்ணீர் கறுப்பாக இருந்தால் வெற்றி. இன்னும் கறுப்பாக இருந்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

தகவல் சொல்வதில் அவருக்கு ஆள் பேதம் கிடையாது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன், பள்ளியில் படித்த ஞாபகத்தில் "நைட்ரோபாக்டரா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டுத்தொலைத்தான். "அந்தக் கதை 1998லயே முடிஞ்சுபோச்சு தம்பி" என்று தொடங்கினார். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டைக் கவனித்துக்கொள்வது நைட்ரோஸ்பைரா வகை என்று ஹோவனெக் குழுவினர் அந்த வருஷம் கட்டுரை எழுதியதை அவர் சொல்லி முடிக்கும்வரை சிலிண்டர் பையனின் தோளில்தான் இருந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். போன மே மாதம் ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம் என்று சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே நாலு பக்கத்துக்குக் குறிப்பு. நான் இரண்டு பக்கம் படித்தேன். தீனி எவ்வளவு, விளக்கு எப்போது அணைப்பது, மின்சாரம் போய்த் திரும்பினால் மோட்டார் தண்ணீரை இழுக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. இதற்குமேல் ஒரு மீனுக்கு என்ன இருந்துவிடப்போகிறது என்று மடித்துவைத்தேன்.

நாலாம் நாள், அருவிபோல் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாக மெலிந்தது. மோட்டார் தொண்டை கட்டியதுபோல் கொர்ரென்றது. பஞ்சு அடைத்துக்கொண்டுவிட்டது என்று புரிந்தது. அந்த அளவுக்கு அவர் என்னைப் படிக்கவைத்திருந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பஞ்சை உருவினேன். புகைபோல அழுக்கு கிளம்பித் தொட்டி முழுக்கப் பரவியது. உருவும்போது அடியில் ஒரு டம்ளரைப் பிடித்திருக்க வேண்டுமாம். அதுவும் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்ததாம்.

பஞ்சைச் சமையலறைக் குழாயில் காட்டி, கசக்கி, பிழிந்து, மறுபடி கசக்கி, தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. கடையில் வாங்கியதுபோல் ஆகிவிட்டது. கைவேலை சுத்தமாக முடிந்த உற்சாகத்தில் குழாயில் தொங்கிய அந்தப் பழுப்புத் துணியையும் அவிழ்த்தெறிந்துவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினேன்.

சார் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே பஞ்சைப் பார்த்துவிட்டார்.

"குழாய்த் தண்ணிலயா?"

"ஆமா சார். நல்லா தேய்ச்சு."

"மெட்ரோ தண்ணி சார் அது. குளோரின்."

அதற்குமேல் பேசவில்லை. சோதனைக்குழாயை எடுத்தார். சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். பச்சை திரும்பினால் அமோனியா ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வாரம், தினமும் காலையில், என்னையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சோதித்தார். மஞ்சள். மறுநாளும் மஞ்சள். கப்பிகள் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றின. அவர் முகத்தில் நிம்மதி தெரியவேண்டிய இடத்தில் ஏதோ ஏமாற்றம்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் கொன்னது வெளிப்பஞ்சுல இருந்ததைத்தானே? பாக்டீரியா பெரும்பாலும் உள்ளேதான் இருக்கு. அதை நான் தொடவே இல்லை. அதுக்குத்தானே நீங்க வெளியில பஞ்சு மாட்டினதே?"

வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தியரி சரிதான்" என்றார். "ஆனா சாவி இனி உங்ககிட்ட இல்லை."

அவர் மனைவி மட்டும் அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தனுப்பினார். குழாய்த் துணிக்காக.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் கும்பகோணம் போகிறார்கள். சாவி எதிர்வீட்டுக்குப் போகிறது. குறிப்பு இப்போது ஆறு பக்கமாக வளர்ந்திருக்கிறதாம். எதிர்வீட்டுக்காரரே, இது உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து மூன்றாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.