யாருக்கு முதல் முறை?

2007இல் கண்டியில் எங்களுக்கு உபுண்டு லினக்ஸ் தபாலில்தான் வந்தது. ஷிப்இட் திட்டத்தில் விலாசத்தைப் பதிந்தால், அட்டை உறையில் சீடி இலவசமாக வீடு தேடி வரும். கட்டுக்கலை வீட்டில் இருந்த பென்டியம் 4இல் அது நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு பக்கம் ஏதாவது கம்பைல் ஆகும்போது மறுபக்கம் இளையராஜா பாட்டு விக்கும்.

காரணம் ஷெட்யூலர். சீபியு ஒன்று, கேட்பவர்கள் பலர். அடுத்த சில மில்லிசெக்கன் யாருக்கு என்று தீர்மானிக்கும், லினக்ஸின் கருவான கேர்னலின் பகுதி அது. அன்றிருந்த இங்கோ மோல்னாரின் ஓ(1) ஷெட்யூலர், மனிதர் காத்திருக்கும் வேலை எது என்பதை அந்த வேலை தூங்கி விழிக்கும் போக்கை வைத்து ஊகித்தது. ஊகம் பிழைத்தால் பாட்டு நிற்கும். ஊகம் வேண்டாம், சமபங்கு கொடுப்போம் என்று மாற்று ஷெட்யூலர் எழுதினார் கொன் கோலிவாஸ். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர்.

அதைப் போட்டுப் பார்க்க முழுக் கேர்னலையும் கட்ட வேண்டும். நெட் கபேயில் சோர்ஸை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, பேட்ச் போட்டு, மெனுகான்ஃபிக்கில் வேண்டாத டிரைவர்களைக் கழித்து, 'மேக்' கொடுத்துவிட்டுப் படுப்போம். ஹந்தானைப் பக்கம் இடி முழங்கினால் கரண்ட் போகும். விடிந்ததும் மறுபடி 'மேக்' கொடுத்தால், முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். புதிய கேர்னல் எழும்பாவிட்டால் க்ரப் மெனுவில் பழையது இருக்கும். எழும்பினால், பாட்டைப் போட்டு, கம்பைலை ஓடவிட்டு, விண்டோவைப் பிடித்துத் திரையெங்கும் இழுப்போம். காதுதான் அளவுகோல், பாட்டு விக்காமல் ஓடிய அந்த நிமிடத்தின் சந்தோஷம் பெரிது.

கோலிவாஸின் பேட்ச் கேர்னலில் சேரவில்லை. அதே சமபங்கு எண்ணத்தில் மோல்னார் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரை எழுதினார். அந்த வழி சாத்தியம் என்று நிரூபித்தவர் கோலிவாஸ் என்று சொல்லவும் செய்தார். 2007 ஒக்டோபரில் கேர்னல் 2.6.23உடன் சிஎஃப்எஸ் வெளிவந்தது. மனம் கசந்து விலகிய மருத்துவர், 2009இல் பிஎஃப்எஸ் என்ற புதிய ஷெட்யூலருடன் திரும்பி, 2021 வரை வெளியிலிருந்தே பேட்ச் தந்தார். சீபியு ஷெட்யூலரைக் கழற்றி மாற்றும் வசதி கேர்னலுக்கு வேண்டாம் என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் அன்றைய நிலை. 2024 ஜூனில் அதே வசதியை, ஷெட்யூலர் பராமரிப்பாளர்களின் எதிர்ப்பையும் மீறி, சேர்க்கத் தீர்மானித்தவரும் அவரே.

அந்த ஆண்டு நவம்பரில் வந்த 6.12 கேர்னலில் அது ஸ்கெட்-எக்ஸ்ட். ஷெட்யூலரை, கேர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் பிபிஎஃப் புரோகிராமாக எழுதி, ஓடும் கேர்னலிலேயே ஏற்றலாம். பேராதனையில் பொறியியல் படிக்கும் அக்கா மகள், கேம்களுக்கென்று சாங்வூ மின் எழுதிய லாவ்ட் ஷெட்யூலரை என் முன்னாலேயே ஒரே கட்டளையில் ஏற்றினாள். கன்ட்ரோல்-சி அழுத்தி இறக்கினாள்.

"எழுதினதில பிழை இருந்தா?"

"கேர்னலே அதை வெளிய தூக்கிப் போட்டுட்டு வழமையானதுக்கு மாறிடும், மாமா. ரீபூட்கூட வேணாம்."

காத்திருக்கும் வேலை ஒன்றுக்கு 30 செக்கன் வரை முறை வராவிட்டாலும் அப்படித்தான்.

அவளுடைய எட்டு கோர் லேப்டாப்பில் எதை ஏற்றினாலும் பாட்டு விக்கவில்லை. இரண்டு கோர் பழைய லேப்டாப்பில், கம்பைல் ஓடும்போது, வித்தியாசம் உடனே தெரிந்தது. கோலிவாஸ் வாதாடியது வீட்டு மேசைக் கணினிகளுக்காக. யாருக்கு முதல் முறை என்று தீர்மானிக்கும் உரிமை இன்று கேர்னலுக்குள்ளேயே திறந்திருக்கிறது. அதை முதலில் கையில் எடுக்க வேண்டியவர்கள் பழைய மெஷினோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகள்தான்.