புழுக்கத்தை நம்பாத பெரியப்பா

மலைக்கோட்டைப் பாறையில் அடித்துத் திரும்பும் வெயிலிலேயே பிறந்து, வளர்ந்து, தலை நரைத்த பெரியப்பா ஒருவர் திண்டுக்கல்லில் எந்தத் தெருவிலும் இருப்பார். நாகல் நகரிலும் உண்டு, பேகம்பூரிலும் உண்டு, சின்னாளபட்டியிலும் உண்டு. பெயர் வேண்டாம். 'பெரியப்பா' என்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தால் நாலு திண்ணையிலிருந்து திரும்பிப் பார்ப்பார்கள், எல்லாரும் அவரே. மகனுக்குச் சென்னையில் வேலை. மே மாதம் பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு விசேஷம் வைத்திருப்பான். "பாத்து எடுத்துட்டு வாங்கப்பா, இங்க புழுக்கம் தாங்கல" என்று அவன் போனில் சொன்னதும் பெரியப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

"ஏப்பா, எங்கிட்டயே வெயிலைப் பத்திச் சொல்றியா?"

அவரைப் பொறுத்தவரை வெயிலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மண்டையில் அடிக்க வேண்டும், நிழலுக்குள் வந்தவனை விட்டுவிட வேண்டும். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் கத்திரி வெயிலானாலும் எட்டித்தான் நிற்கும். நிழலிலும் வேர்ப்பது, ராத்திரி பத்து மணிக்கும் வேர்ப்பது, குளித்துவிட்டுத் துவட்டும்போதே வேர்ப்பது எல்லாம் அவர் கணக்கில் வெயிலே இல்லை. உடம்புக் கோளாறு, இல்லாவிட்டால் மாநகராட்சிக் கோளாறு. பேப்பரில் ஊர்வாரியாக டிகிரி போட்டிருப்பதை விரல் வைத்துப் படிப்பார். "நம்மளவிட ஒரு டிகிரி கம்மிதான்" என்று மடித்து வைத்துவிடுவார். அதற்குப் பக்கத்திலேயே ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்கும். வட்டி தவிர வேறு சதவீதத்தை அவர் பார்த்ததில்லை.

இந்த நம்பிக்கையோடுதான் பை கட்ட உட்காருவார். துணிக்கு இடமே தரமாட்டார். இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு, அவ்வளவுதான். அது கஞ்சத்தனம் கிடையாது, அனுபவம். காலையில் அலசி மாடிக் கொடியில் போட்ட வேட்டி, அவர் கீழே வந்து இட்லி தின்று கை கழுவுவதற்குள் காய்ந்துவிடும் ஊர் அது. பங்குனி சித்திரையில் கொடியே தேவையில்லை, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். அப்படிப்பட்டவரிடம் போய் எட்டு பனியன் எடுத்து வை என்றால், "நான் என்ன பனியன் கடையா வைக்கப் போறேன்?" என்பார்.

எடுத்து வைக்கிற இரண்டு வேட்டிக்கும் கஞ்சி உண்டு. சாதாரணக் கஞ்சி இல்லை. மடித்து ஓரமாக நிறுத்தினால் தானே நிற்கிற கஞ்சி. சம்பந்தி வீட்டார் வருவார்களே, மரியாதை வேண்டாமா? சட்டை, டெரிகாட்டன். பருத்திச் சட்டை கசங்கிவிடும், கசங்கினால் ஊர்ப் பெயர் போய்விடும்.

துணியில் மிச்சம் பிடித்த இடமெல்லாம் எதற்கு என்கிறீர்களா? ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணி 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்று ஒரு விதி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது உச்சவரம்பு, பெரியப்பாவுக்கு அது உரிமை. 35 கிலோவோடு நிறுத்திவிட்டால் அரசாங்கத்துக்கு ஐந்து கிலோ விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும், அவரால் உறங்க முடியாது. ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும். சீரகச்சம்பா அரிசி ஐந்து கிலோ. "மெட்ராஸ்லயும் கிடைக்குங்க" என்பாள் பெரியம்மா. "கிடைக்கும். ஆனா அது அங்க கிடைக்கிற அரிசி." 1957-இல் திண்டுக்கல்லில் அடுப்பு மூட்டிய தலப்பாகட்டி பிரியாணிக்கு இன்று சென்னையில் பல கிளைகள் இருப்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பெருமைப்படவும் செய்வார். ஆனால் பேரன் அங்கே போய்ச் சாப்பிடுவதை ஊர் எல்லை தாண்டிய குற்றமாகவே கருதுவார்.

அப்புறம் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், நாலு நாள் முன்னால் சுட்ட முறுக்கு, மொட்டைமாடியில் காய்ந்த வடகம். எல்லாவற்றுக்கும் மேலே, நசுங்காமல், ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது, கறுக்கக் கறுக்கத்தான் ருசி என்பது திண்டுக்கல்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையில் சொன்னாலும் தெரியாது. பெரியப்பா குளித்துவிட்டு வருவதற்குள் மருமகள் அதை அழுகல் என்று நினைத்துக் குப்பைக் கூடையில் போட்டிருப்பாள். அன்று மத்தியானம் வரை அந்த வீட்டில் நிலவும் மௌனத்துக்குக் காரணம் அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

2019-இல் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள் அல்லவா? அந்த வருஷத்திலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் கூடச் சேர்ந்துகொண்டது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஊரிலிருந்து, சமுத்திரக் கரைக்குத் தண்ணீர் சுமந்துபோகும் ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். "ஆத்தூர் டேம் தண்ணிடா, குடிச்சுப் பாரு" என்று பேரனுக்கு ஒரு மூடி ஊற்றித் தருவார், தீர்த்தம் மாதிரி.

எல்லாவற்றையும் கட்டி முடித்ததும் பூட்டு. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே பெரியப்பாவிடம் குறியீடு பெற்றுவிட்டது. மாங்காய்ப் பூட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதைப் பையில் போட்டால் பை ஒரு பக்கமாகச் சாயும். ஜிப் போன ரெக்சின் பையில் திருடுவதற்கு முறுக்கைத் தவிர ஒன்றும் இராது என்றாலும், சங்கிலி போட்டு பெர்த்துக்கு அடியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு படுப்பார். பூட்டு இருக்கிறது என்கிற தைரியத்தில் அவர் தூங்குவார். சாவி குத்துகிறது என்பதால் இடையிடையே முழிப்பார்.

பெரியம்மாவின் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னதாக இருக்கும். அது கட்டப்படுவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் அபிப்பிராயத்தில் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போகிற பைகளில் ஒழுங்காகக் கட்டிய பை அது ஒன்றுதான். சின்னாளபட்டிச் சுங்குடி நாலு. நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த புள்ளிச் சேலை, காற்றுப் போகிற பருத்தி, நாலுக்கும் கஞ்சி கிடையாது. விசேஷத்துக்கு ஒரே ஒரு பட்டு, அதையும் தாம்பாளம் எடுக்கிற நேரத்தில்தான் கட்டுவாள், போட்டோ முடிந்ததும் மாற்றிவிடுவாள். ஜாக்கெட் மட்டும் சேலையைப் போல இரண்டு மடங்கு. ஈரிழைத் துண்டு நாலு. அது வேர்வையை உறிஞ்சும், பிழிந்து போட்டால் ஃபேன் காற்றிலேயே உலரும். பூத்துண்டு என்று நாம் வாங்குகிற தடித்த டர்க்கி டவல் சென்னையில் மூன்று நாளானாலும் காயாமல் வாடையடிக்கும். வேர்க்குரு பவுடர் ஒரு டப்பா, நன்னாரி சர்பத் ஒரு பாட்டில், ஓலை விசிறி ஒன்று. அடியில், நாலாக மடித்த ஒரு பழைய சேலைக்குள், பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஆறு பனியனும் காந்திகிராமத்துக் கதர்ச் சட்டை இரண்டும்.

விஷயம் என்ன என்றால், திண்டுக்கல் கடலை விட்டுத் தள்ளி, கடல் மட்டத்துக்கு 260 மீட்டருக்கும் மேலே, சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட மழைமறைவுப் பூமியில் கிடக்கிறது. காற்று காய்ந்த காற்று. வேர்வை வந்த கையோடு ஆவியாகும், ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வேலையால்தான். சென்னைக் காற்றிலோ ஏற்கெனவே கடல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, நம் வேர்வைக்கு அங்கே சீட் கிடையாது. அது உடம்பிலேயே நிற்கும், வழியும், சட்டையை ஒட்டவைக்கும். மே மாத மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்தால் டிகிரி இறங்கும், பிசுபிசுப்பு ஏறும். அதை வரவிடாமல் மேற்குக் காற்று மறித்துக்கொண்டால் 2003 மே 31 அன்று ஏறியது போல 45 டிகிரிக்கு ஏறும். இரண்டில் எது தேவலை என்று சென்னைக்காரரைக் கேட்டால் ஏசி ரிமோட்டைத் தேடப் போய்விடுவார்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஒரே நிமிடத்தில் விளக்கிவிடும். விடியற்காலை, எழும்பூர். சூரியன் இன்னும் வரவில்லை. நாலு கட்டைப்பையையும் இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிறார். நெற்றி வேர்க்கிறது. கழுத்து வேர்க்கிறது. முழங்கை மடிப்பு, காது மடல் என்று இதுவரை வேர்த்தறியாத இடமெல்லாம் வேர்க்கிறது. மேலே பார்க்கிறார், வானம் இருட்டாகவே இருக்கிறது.

"வெயிலே இல்லையே, எதுக்குடா வேர்க்குது?"

மகன் பதில் சொல்வதில்லை. ஆட்டோ பேரம் படிவதற்குள் வேட்டியிலிருந்த கஞ்சி மறுபடியும் கஞ்சியாகிவிட்டிருக்கும். தானே நிற்கிற வேட்டி இப்போது இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடக்க விடாமல் கெஞ்சும்.

வீட்டு வாசலில் அடுத்த சோதனை. மகன் வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது, விரலை வைத்தால் திறக்கும். முதல் நாளே பெரியப்பாவின் விரலையும் பதிந்து வைத்திருப்பான். சாயங்காலம் பால் வாங்கக் கீழே போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்து விரலை வைப்பார். வேர்வையில் ஊறிய விரல் யாருடையது என்று கதவுக்குத் தெரியாது. துடைத்து வைப்பார், மறுபடி ஊறும். பூட்டுக்குப் பெயர்போன ஊரிலிருந்து வந்த மனிதர், பால் பாக்கெட்டோடு நடையில் நின்று, "பூட்டுன்னா அதுக்கு ஒரு சாவி இருக்கணும்யா" என்று எதிர்வீட்டுக்காரருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் முறுக்கு நமத்துப்போகும். உப்பு ஜாடியில் உப்பு கட்டியாகும். வடகம் எண்ணெயில் பொரியாமல் படுத்துக்கொள்ளும். பால்கனியில் காயப்போட்ட வேட்டி, போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே மறுநாளும் இருக்கும், கொஞ்சம் வாடை மட்டும் புதிது. அப்போதுதான் பெரியம்மா எழுந்துபோய் அந்தப் பழைய சேலையைப் பிரித்து, ஒன்றும் பேசாமல் ஒரு பனியனையும் ஒரு கதர்ச் சட்டையையும் கட்டிலில் வைப்பாள். அவரும் ஒன்றும் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் பல சமாதான ஒப்பந்தங்கள் இப்படித்தான் கையெழுத்தாகியிருக்கின்றன.

தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஊருக்குத் திரும்பிய மறுவாரம் பார்சல் லாரியில் மகனுக்கு ஒரு ஏர் கூலர் ஏற்றி அனுப்புவார். திண்டுக்கல் வீட்டில் அவர் உயிரைக் காப்பாற்றுவதே அதுதான். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் நனைந்த தட்டி வழியாகக் காற்றை இழுத்துச் சிலுசிலுவென்று அடிக்கும். அந்தச் சிலுசிலுப்பும் தண்ணீர் ஆவியாவதால் வருவது என்பதும், சென்னைக் காற்றுக்கு இன்னும் ஒரு தொட்டித் தண்ணீர் குடிக்க வயிறு இல்லை என்பதும் அவர் கவலை அல்ல. மகன் அடைத்த அறையில் ஒரு ராத்திரி அதை ஓட்டிப் பார்ப்பான். காலையில் சுவரில் மாட்டிய காலண்டரே நெளிந்திருக்கும். அன்றைக்குக் கூலர் பால்கனிக்குப் போகும், அதன் மேல் வெங்காயக் கூடை ஏறும். "எப்படிப்பா இருக்கு கூலரு?" என்று போனில் கேட்டால், "ரொம்ப வசதியா இருக்குப்பா" என்பான். பொய் இல்லை, கூடை வைக்க வசதிதான்.

இதற்குள் தெருவில் பெரியப்பாவின் அந்தஸ்து மாறிவிட்டிருக்கும். இனி அவர் மெட்ராஸ் போய் வந்தவர். டீக்கடை பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், மகள் வளைகாப்புக்குச் சென்னை போகிறாராம்.

"அண்ணே, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டு, விரல் மடக்குவார். "பனியன் ஆறு. குறைக்காதே. கஞ்சி போட்டே, செத்தே. சட்டை கதரு. துண்டு ஈரிழை, நாலு. பவுடர் ஒண்ணு. உம் பொஞ்சாதிகிட்ட பட்டுச் சேலையைப் போட்டோவுக்கு மட்டும் கட்டச் சொல்லு." யாரிடம் கற்றது என்கிற விவரம் வராது.

"அப்ப, வெயில் அங்க நம்மளவிட ஜாஸ்தியா?"

"வெயிலா? நம்ம வெயிலுக்கு முன்னாடி நிக்க முடியுமாய்யா? அங்க வெயிலே கிடையாது. வெறும் தண்ணி. காத்துன்னு பேரு வச்சிருக்கான்."

"மக வீட்டுக்குக் கூலர் ஒண்ணு வாங்கிட்டுப் போலாமான்னு யோசிக்கிறேன்."

"காசைக் கரியாக்காதே. எம் மகன் வீட்டுல ஒண்ணு சும்மா கிடக்கு. திரும்பி வரும்போது ஏத்திட்டு வந்து எங்க வீட்டுல இறக்கிரு."