ஊழியர் அல்லாத ஊழியர்: சட்டப் பிரிவுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: சட்டப் பிரிவு, மென்பொருள் நிறுவனம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.
பொருள்: ஃப்ரீலான்ஸ் டெக்னிக்கல் ரைட்டர்களுக்கான ஒப்பந்தப் படிவத்தைப் பாராட்டுதல் தொடர்பாக.

சட்டப் பிரிவின் மேலான சமூகத்துக்கு,

யூசர் மேனுவல், இன்ஸ்டலேஷன் கைடு, ஏபிஐ விளக்கம் முதலியவற்றை எழுதித் தர வெளியாளாக அமர்த்தப்படும் டெக்னிக்கல் ரைட்டரிடம் நீட்டப்படும் ஒப்பந்தம், அவர் எழுதப்போகும் மேனுவலைவிடச் சில சமயம் நீளமாக இருக்கும். அதன் முதல் பத்தி, இவர் ஊழியர் அல்லர் என்கிறது. அடுத்த பத்தி, எக்காரணம் கொண்டும் இவரை ஊழியராகக் கருதலாகாது என்கிறது. மீதிப் பக்கங்கள் முழுக்க, அவர் காலை ஒன்பதரைக்கு லாகின் செய்ய வேண்டும், ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் தலை காட்ட வேண்டும், நிறுவனம் தரும் லேப்டாப்பில் மட்டுமே வேலை பார்க்க வேண்டும், ஊருக்குப் போவதென்றால் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வேறு எவருக்கும் எழுதக் கூடாது என்று போகும். ஒரே ஆவணத்தில் இரண்டு மனிதர்களைப் படைத்து, இருவருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தை வாங்கிவிடும் இந்தச் சாமர்த்தியம் இதுவரை பாராட்டப்படாமல் இருப்பது பெருங்குறை.

இதனால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபத்தைச் சமூகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊழியர் என்றால் பி.எஃப். கணக்கில் நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்தால் கிராஜுவிட்டி. பேறுகால விடுப்பு வேறு. வெளியாள் என்றால் ஓர் இன்வாய்ஸ், டிடிஎஸ் பிடித்தம், ஒரு வணக்கம்.

ஆனால் இந்திய நீதிமன்றங்களுக்கு ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஒப்பந்தத்தின் தலைப்போடு நின்றுவிடாமல் உள்ளேயும் படிக்கின்றன. தரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் 1956இல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள், கட்ச் ரண் பகுதியில் உப்பு விளைவித்த அகரியாக்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. விளைந்த உப்புக்கு மணங்குக் கணக்கில் கூலி. வருகைப் பதிவேடு இல்லை, வேலை நேரம் இல்லை. குடும்பத்தோடு உழைத்தார்கள், தேவைப்பட்டால் தாமே ஆள் வைத்துக்கொண்டு தாமே கூலி கொடுத்தார்கள். இவர்கள் சுதந்திர ஒப்பந்ததாரர்கள் என்று நிறுவனம் வாதாடியது. தரம் போதாதென்று தள்ளிய உப்பும் நிறுவனத்துக்கே சொந்தம், அதை அகரியா எடுத்துப்போய் விற்க முடியாது என்பது மட்டும் சுதந்திரத்தில் சேரவில்லை. உப்பளத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தின் மேற்பார்வை இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதோடு எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்த நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்களே என்ற தீர்ப்பாய முடிவை உறுதிசெய்தது.

டெக்னிக்கல் ரைட்டர் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளியா என்பது தனி வழக்கு. அது இங்கே வேண்டாம். படிவத்தின் சாதனையை அளக்க அகரியாவே போதும். அகரியாவுக்கு வேலை நேரம் இல்லை, ரைட்டருக்கு உண்டு. அகரியா மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ரைட்டர் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூட ஆள் வைக்க முடியாது. ரிவ்யூவில் கழிக்கப்பட்ட டிராஃப்ட் மட்டும் கழிக்கப்பட்ட உப்பைப் போலவே நிறுவனத்திடம் தங்கிவிடுகிறது. 1973இல் சில்வர் ஜூபிலி தையல் நிலைய வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பானபோது, தையல் மெஷின் கடைக்காரருடையது என்பதும் கணக்கில் வந்தது. லேப்டாப் தரும் நிபந்தனையைப் பெருமையோடு தடித்த எழுத்தில் அச்சிடும் முன் சமூகம் இதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

கடல் கடந்த உதாரணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் புரூஃப் பார்ப்பவர்கள், இண்டெக்ஸ் தயாரிப்பவர்கள், சாஃப்ட்வேர் டெஸ்டர்கள் முதலானோரை ஃப்ரீலான்சர்களாக அமர்த்தி, நாங்கள் சுதந்திர ஒப்பந்ததாரர்கள் என்று எழுதி வாங்கியது. அவர்களுக்கு அடையாள அட்டையின் நிறம் வேறு. சம்பளப் பிரிவிலிருந்து பணம் வராது, பில் கொடுத்து வாங்க வேண்டும். உட்கார்ந்த இடமும் செய்த வேலையும் மற்ற ஊழியர்களுடையதேதான். அமெரிக்க வருமான வரித் துறை வந்து பார்த்து, இவர்கள் ஊழியர்கள் என்றது. ஊழியர்களுக்கான பங்கு வாங்கும் திட்டத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அவர்கள் தொடுத்த வழக்கு, 2000ஆம் ஆண்டில் சுமார் 9.7 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அட்டையின் நிறத்தை மாற்றியதற்கு இது கொஞ்சம் அதிகச் செலவு.

படிவத்தின் உச்சம் காப்புரிமைப் பகுதி. 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 17(இ) பிரிவுப்படி, ஊழியர் பணியின்போது எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதினால் முதல் உரிமையாளர் எழுதியவரே. ஆக, இவர் ஊழியர் அல்லர் என்று முதல் பக்கத்தில் அடித்துச் சொல்லும்போதே, மேனுவலின் உரிமையைத் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தாயிற்று. எட்டாம் பக்கத்தில் அதைத் திரும்பப் பெறப் பல படிவங்கள் நம்பியிருப்பது, அமெரிக்க டெம்ப்ளேட்டிலிருந்து அப்படியே ஒட்டிய ‘வொர்க் மேட் ஃபார் ஹயர்’ என்ற தொடரை. அது அமெரிக்கச் சட்டத்தின் சரக்கு; இந்தியச் சட்டத்தில் அப்படியொன்று இல்லை. இங்கே உரிமை கைமாற எழுத்துமூல ஒப்படைப்பு வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்கிறது 19ஆம் பிரிவு. சாஃப்ட்வேர் விற்பதோ ஒஹையோவில்.

பணம் தரும் பகுதி படிவத்தின் கவித்துவமான இடம். ‘நிறுவனம் திருப்தியுடன் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 90 நாளில்’ என்று அது சொல்லும். திருப்தி எப்போது வரும் என்று சொல்லாது. ரிலீஸ் தள்ளிப்போனால் திருப்தியும் தள்ளிப்போகும். இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், நடக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் எழுதாத ரைட்டரை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்வதில்லை. பணம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம் படிவத்தில் இல்லை; அது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ரைட்டர் முன்பே ‘உத்யம்’ பதிவு செய்த குறுந்தொழிலாக இருந்தால், எழுத்தில் என்ன இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்ட முடியாது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது என்ற செய்தி ரைட்டர்களிடையே பரவாமல் பார்த்துக்கொள்வது சமூகத்தின் பொறுப்பு.

ஈட்டுறுதிப் பகுதியும் தாராளமானது. ரிலீஸுக்கு முந்தைய இரவு ஒரு டெவலப்பர் ‘சேவ்’ என்ற பொத்தானை ‘அப்ளை’ என்று மாற்றுகிறார். ரைட்டருக்குச் சொல்ல மறந்துவிடுகிறார். மேனுவலைப் பார்த்து வேலை செய்த வாடிக்கையாளர் டேட்டாவை இழந்து வழக்குப் போட்டால், இழப்பு முழுவதையும், உச்சவரம்பு இல்லாமல், பக்கக் கணக்கில் கூலி வாங்கிய ரைட்டர் ஈடுகட்ட வேண்டும். டெவலப்பர் ஊழியர் ஆனதால் தப்பித்தார்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டு போட்டி நிறுவனங்களுக்கு எழுதக் கூடாது என்ற விதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதை முன்பே செல்லாததாக்கிவிட்டது. பந்துவீச்சாளர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் அதை மறுபடியும் சொன்னது. ஆனாலும் பயமுறுத்தக் காசு செலவாவதில்லை.

கடைசிப் பக்கத்தில் தகராறு. போரூரில் இருக்கும் ரைட்டருக்கும் சோழிங்கநல்லூரில் இருக்கும் நிறுவனத்துக்கும் பிணக்கு வந்தால் டெலவேர் மாநிலச் சட்டம் பொருந்துமாம். ஒரே நடுவரை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே நியமிப்பாராம். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள தரப்பு தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. நடுவர் நியமன வரி மட்டும் இன்னும் படிவத்தில் அப்படியே நிற்கிறது. பக்க அடியில் உள்ள ஆண்டு எண்ணை ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் மாற்றுகிறார்கள்.