பொருளாதாரம் தெரியாத பல்லவன்

எங்கள் பக்கம் தளவானூர் என்ற பெயரில் இரண்டு ஊர். ஒன்று செஞ்சி வட்டாரத்தில். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து சத்ருமல்லேஸ்வரம் என்ற கோயிலை எடுத்தான். முகப்பில் மகரதோரணம் இன்னும் உதிரவில்லை. துவாரபாலகர்கள் இன்றும் டூட்டியில் நிற்கிறார்கள். என்ன பிரயோஜனம்? ஒருமுறை கூலி கொடுத்தான், முடிந்தது. அப்புறம் எந்தக் கான்ட்ராக்டர் பிழைத்தார்?

இன்னொரு தளவானூர் தென்பெண்ணைக் கரையில். அங்கிருந்து எதிர்க்கரை ஏனாதிரிமங்கலம் வரை, சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை. 2020-ல் திறப்புவிழா. 2021 ஜனவரியில் ஒரு கரைச் சுவர் உடைந்தது. பொறியாளர்கள் நால்வர் சஸ்பெண்ட். நவம்பர் வெள்ளத்தில் மறுகரையும் அரித்தது. கடைசியில் ஊரைக் காப்பாற்ற அரசே அணைக்கு வெடி வைத்தது. எல்லாம் ஒன்றரை வருஷத்துக்குள்! பல்லவனின் உளிக்கு இந்தச் சுறுசுறுப்பு ஏது?

இதில் யார் வாயில் எவ்வளவு போனது, போகவே இல்லையா என்றெல்லாம் கேட்பது பண்பாடில்லை. பொதுவாகக் கமிஷன் என்னும் வள்ளலின் கைராசியை மட்டும் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் ஒரு கை, டெண்டரில் ஒரு கை, பில் பாஸாக ஒரு கை. மிச்சத்தில் வேலை நடக்க வேண்டுமே! ஒன்றுக்கு நாலு போட வேண்டிய மணலை மேஸ்திரி ஒன்றுக்கு எட்டாகப் போடுகிறார். சிமெண்ட் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதான்.

அணை போனால் ஆற்றுத் தண்ணீர் தடையில்லாமல் கடலுக்குப் போகும். கிணறு வற்றும். உடனே போர் லாரிக்காரருக்கு வேலை. இருநூறு அடியில் ஈரமில்லை என்றால் நானூறு அடி. அதற்குப் பணம் வேண்டுமே, அடகுக்கடைக்கு வியாபாரம். தாலிச்சரடும் முழுகிய பிறகு வீட்டுப் பையன் சென்னையில் ஏதோ ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி. எங்கள் துவாரபாலகர்களுக்குக் கிடைக்காத சம்பளம். உடைந்த அணையைத் திரும்பக் கட்டினால் அந்தச் செலவும் வளர்ச்சிக் கணக்கில்தான் ஏறும். உடையாத அணையால் இதெல்லாம் ஆகுமா?

ஏழைக்கென்று அனுப்பும் ரூபாயில் 15 காசுதான் போய்ச் சேருகிறது என்று 1985-ல் ராஜீவ் காந்தி வருத்தப்பட்டார். மீதி 85 காசு சும்மாவா இருக்கிறது? மனையாகவும் கல்யாண மண்டபமாகவும் ஓங்கி வளர்கிறது. அவற்றில் ஒன்றாவது வெள்ளத்தில் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

மகேந்திரன் பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டில் பீற்றிக்கொண்டான். இல்லாமல் கட்டும் வித்தை நம்மவர்களுக்கும் அத்துப்படி. என்ன இல்லை என்பதைக் கல்லில் எழுதுவதில்லை, அவ்வளவு அடக்கம்.