டைரி நின்றுபோனது குறித்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வெல்ட் கீ கரையோரக் கப்பல் ஏஜென்சி ஒன்றின் நிர்வாகம் (எந்த ஏஜென்சி என்று தங்களுக்கே தெரியும்), பினாங்கு.

பொருள்: சட்டைப்பை டைரி.

மகா கனம் பொருந்திய நிர்வாகத்தாருக்கு,

தங்களிடம் முப்பது வருடம் டேலி கிராணியாக மூட்டை எண்ணிய கிழவன் எழுதிக்கொள்வது. இந்தப் புத்தாண்டுக்கும் டைரி வரவில்லை. ஓர் அட்டை வந்தது. அதில் கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம். "எல்லாம் இதுக்குள்ள இருக்கு தாத்தா" என்றான் பேரன். முகர்ந்து பார்த்தேன். ரெக்ஸின் வாசனை இல்லை.

1812-இல் லண்டனில் ஜான் லெட்ஸ் டைரி அச்சிட்டது, வியாபாரிகள் சரக்குக் கணக்கும் கப்பல் வரத்தும் குறித்துக்கொள்ள. தாங்களும் அதே நல்லெண்ணத்தில்தான் கொடுத்தீர்கள். மன்னிக்கவும், கப்பலைப் பற்றி நான் அதில் ஒரு வரி எழுதியதில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி, செபராங் பிறை வயல் வாய்க்காலில் விரால் பிடித்த கதை மட்டும்தான் இருக்கிறது.

ஓத அட்டவணையைத் தாங்கள் மாய்ந்து மாய்ந்து அச்சிட்டீர்கள். பினாங்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். உப்புநீர் ஏறாமல் மூடா ஆற்றுக்கே தடுப்பணை போட்டாகிவிட்டது. வயல் விராலுக்கு ஓதம் எதற்கு? ஆனால் அட்டவணையின் ஓரத்தில் நல்ல வெள்ளை இடம் இருந்தது. "தவளை. மதகுக்குப் பக்கம். ஒன்றேகால் கட்டி." கட்டியைக் கிலோவாக்கும் பட்டியல் கடைசிப் பக்கத்தில். ஒரு கட்டி 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்தை எப்போதும் என் பக்கமே சேர்த்துக்கொள்வேன். தங்கள் கணக்குப் பிரிவில் கற்றது.

1982 டைரி கையில் இருக்கிறது. அந்த ஜனவரி 1-இல் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது, மீனுக்கு வரவில்லை. "ஜனவரி 2, சனி. 5.30-க்குக் கடிக்கவில்லை. 6.00-க்குக் கடித்தது. பழைய நேரப்படி சரி." பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. அடுத்த பக்கங்களில் என் வீட்டுக்காரியின் ஆபரேஷன். புண் ஆற விரால் சூப் என்பது இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் பொது வைத்தியம். நான்கு சனிக்கிழமை, நான்கு விரால். தைப்பூசத்துக்கு மட்டும் தூண்டிலுக்கும் விரதம், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடுவேன்.

பேரன் ஏற்றிக் கொடுத்த செயலி என்ன கேட்கிறது தெரியுமா? "இருப்பிடத்தைப் பகிரவா?" நாற்பது வருடமாகச் சொந்த மச்சானிடமே சொல்லாத மதகு ஐயா அது! மீனை அளந்து படமும் போடச் சொல்கிறது. படம் போட்டால் என் ஒன்றேகால் கட்டி என்ன ஆவது?

எனவே ஆண்டுக்கு ஒரு டைரி, முதுகில் பென்சில் செருகும் குழலோடு, அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஓத அட்டவணை கட்டாயம் இருக்க வேண்டும். தேவைக்கு அல்ல, ஓரத்துக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டேலி கிராணி

இணைப்பு: 1982 டைரியின் அட்டைக்குள் ஒட்டியிருந்த விரால் செதில், ஒன்று. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.