தராசும் எடைமேடையும்

எழுபதுகளில் எங்கள் பெரம்பூர் வீட்டில் குப்பைக்கூடை என்று தனியாக எதுவும் கிடையாது. கொல்லைப்புறத்தில் கழுநீர்த் தொட்டி இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள் போகும். சாயங்காலம் மாட்டுக்கார அம்மா வந்து குடத்தில் மொண்டுகொண்டு போவார். மாடு கன்று போட்டால் எங்கள் வீட்டுக்குச் சீம்பால் வரும். செய்தித்தாள் பரண்மேல் அடுக்கப்பட்டுப் பழைய பேப்பர்காரருக்காகக் காத்திருக்கும். ஓட்டை வாளிக்கும் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கும் பேரீச்சம்பழம். ஜரிகை நைந்த பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம். ஹார்லிக்ஸ் பாட்டில் பல வருடம் துவரம்பருப்பைச் சுமந்த பிறகே காயலாங்கடைக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. தெருமுனைத் தொட்டிக்குப் போனது பெரும்பாலும் வாசல் பெருக்கிய மண்ணும் சருகும்தான்.

அன்று சுற்றுச்சூழல் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆனால் கழுநீரில் ஒரு கொண்டை ஊசி கிடந்தால் மாட்டுக்கார அம்மா வாசலில் நின்று சண்டை போடுவார். அவர் மாட்டின் உயிர் அது. பேப்பர் நனைந்திருந்தால் பேப்பர்காரர் எடையில் கழித்துக்கொள்வார். அம்மா தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். ஒவ்வொரு பொருளுக்கும் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார், அதற்கு ஒரு விலை இருந்தது, கலந்தால் நஷ்டம் உடனே கையில் தெரிந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஏற்பாட்டின் அடியில் குறிப்பிட்ட சில சாதி மனிதர்களின் கை இருந்தது. வெறுங்கையால் தெருத்தொட்டியை வழித்தவர்கள், பிறகு கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் குழந்தைகளோடு இரும்பும் கண்ணாடியும் பொறுக்கியவர்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வீடுகள் மிகக் குறைவு.

இன்று வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. குப்பை பொறுக்கி வாழ்பவர்களை அமைப்புக்குள் சேர்க்கச் சொல்லின. வேறு எதற்கும் உதவாத எச்சம் மட்டுமே குப்பைக் கிடங்குக்குப் போகவேண்டும் என்றும் எழுதியிருந்தது. எழுத்தில் இதைவிட நல்ல விதி வேண்டியதில்லை. ஆனால் விதி இல்லாத நாளில் பிரிந்துகிடந்தது, விதி வந்த நாளில் கலந்து கிடக்கிறது. வீட்டில் பிரித்ததெல்லாம் லாரியில் ஒன்றாவதை ஒருமுறை பார்த்துவிட்ட குடும்பத்துக்குப் பிறகு எந்த விளம்பரமும் ஏறாது.

காரணம் தராசு இடம் மாறியதுதான் என்று நினைக்கிறேன். 2000இல் சென்னையின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை முதன்முறையாகத் தனியாருக்குப் போனது. டன் கணக்கில் கூலி. அம்மா பார்த்த முள் வீட்டுவாசலை விட்டுப்போய், கிடங்கின் வாயிலில் லாரி ஏறும் எடைமேடை ஆகிவிட்டது. வாசல் தராசு பிரித்ததற்குக் காசு கொடுத்தது. எடைமேடைக்குக் கலந்ததும் பிரிந்ததும் ஒன்றுதான். ஈரக் குப்பை கனம் கூடியது, அங்கே அதுவே லாபம். 2020 ஒப்பந்தத்தில் எடைக்குப் பதிலாகப் பணியின் தரத்தை அளந்து பணம் தரும் முறை வந்தது நல்ல திருத்தம். ஆனால் இருபது வருடத்துப் பழக்கம் ஒரு ஒப்பந்தத்தில் போய்விடாது.

அதன் விலையைப் பெருங்குடியில் பார்த்தோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே 2022இல், ஏப்ரல் கடைசியில், அதன் கரையிலுள்ள குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. காற்றுப் புகாமல் அமுங்கி அழுகும் உணவுக்கழிவு மீத்தேனை உண்டாக்கும், பிளாஸ்டிக் விறகாகும். பழைய கழுநீர்த் தொட்டியில் விழவேண்டியது அங்கே தீயாயிற்று. கொடுங்கையூரில் இப்போது 60 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க 600 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம். அன்றன்றைக்கு வாசலிலேயே பிரித்திருந்தால் இந்தப் பணம் வேறு எதற்கெல்லாம் ஆகியிருக்கும்!

வாசலில் விலை வைத்தால் ஜனம் இன்றும் பிரிக்கும் என்பதற்கு நீலகிரி சாட்சி. காட்டில் யானைகளின் காலைக் கிழித்த மது பாட்டில்களைத் தடுக்க, உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் வீசினாலும் வேறொருவர் பொறுக்கி வந்து பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கட்டிய தலைமுறைக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

இந்த நேரத்தில் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை கட்டும் பேச்சு எனக்குக் கவலையாக இருக்கிறது. 2025இல் வடசென்னை மக்கள் அதை எதிர்த்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் புகையையும் மணலித் தொழிற்சாலைகளின் காற்றையும் சுவாசிப்பவர்கள் அவர்கள். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம் நிறைந்த மக்கும் கழிவு. அதை எரிப்பது தண்ணீரை எரிப்பதுதான். உலையைக் கட்டிவிட்டால் அதற்கு நாள்தோறும் தீனி வேண்டும். நகரம் மறுபடியும் எடைக்கு வேலை செய்யும்.

அதே 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில், குப்பை அள்ளும் வேலையின் தனியார்மயத்தை எதிர்த்து இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் இரவுபகலாக உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி வண்டியோடு வீட்டுவாசலில் வந்து நிற்கும் ஆள் இன்று அவர்கள்தான். பழைய பேப்பர்காரருக்கு இருந்த அதிகாரம் அவர்களுக்கு வேண்டும்: கலந்த குப்பையை மறுக்கும் உரிமை, மறுத்தால் கவுன்சிலரும் அதிகாரியும் அவர்கள் பக்கம் நிற்கும் உறுதி, நிரந்தர வேலை, பிரித்த பேப்பரும் பிளாஸ்டிக்கும் விற்ற காசில் பங்கு. மாநகராட்சி எழுதும் அடுத்த ஒப்பந்தத்தில், வார்டுக்குள்ளேயே எருவாகும் ஒவ்வொரு டன்னுக்கும் பணம் கூடட்டும், கிடங்கின் எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு டன்னுக்கும் பணம் குறையட்டும்.